சீனாவின் செங்டு நகரிலிருந்து திபெத்தின் தலைநகர் லாசாவுக்கு விமானம் ஏற, சீன விசா மட்டும் போதுமா?

போதாது. உள்நாட்டு விமானம்தான், ஆனாலும் வெளிநாட்டவர் திபெத்துக்குள் போகத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதை நாமே விண்ணப்பித்து வாங்க முடியாது. வழிகாட்டியோடு சேர்ந்த சுற்றுலாவாகப் பதிவு செய்தால், ஏஜென்சிக்காரர்களே லாசாவில் வாங்கித் தருவார்கள். முதலில் விசா, அப்புறம்தான் இது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: ரயிலுக்கு நகல் போதும், விமானத்துக்கு அசல் தாளையே கேட்பார்கள். அதனால் செங்டுவில் நீங்கள் தங்கும் ஹோட்டலுக்கு அசலைக் கூரியரில் அனுப்புவார்கள். உறை கைக்கு வந்ததும் பிரித்து, பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒரு தடவை சரிபாருங்கள். கூரியரை நம்பி அன்றைக்கே டிக்கெட் போடாதீர்கள், ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள். மார்ச்சில் வழக்கமாக அனுமதியே தருவதில்லை.