வைட் லென்ஸுக்கு எந்தக் கிரவுண்ட் கிளாஸ்? கேள்வி பதில்

கேள்வி: 4×5 அங்குல ஃபிலிம் கேமராவில் 150 மி.மீ. லென்ஸ் போட்டால் பின்பக்கக் கிரவுண்ட் கிளாஸில் (ஃபோகஸ் பார்க்கும் தேய்த்த கண்ணாடியில்) படம் முழுக்கத் தெரிகிறது. 90 போட்டதும் நடுவில் மட்டும் வெளிச்சம், மூலையெல்லாம் இருட்டு. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது, மூலைக்குப் போகும் ஒளியே குறைவு. 90 மி.மீ. லென்ஸிலிருந்து 4×5 ஃபிலிமின் மூலைக்குப் போகும் கதிர் சுமார் 40 டிகிரி சாய்ந்து விழும். கணக்குப்படி ஒன்றரை ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). 65-இல் சாய்வு 50 டிகிரி, இழப்பு இரண்டரை ஸ்டாப். ஷ்னைடரின் சூப்பர் ஆங்குலான் போன்ற வைட் லென்ஸ் வடிவமைப்பில் இழப்பு சற்றுக் குறையும். இந்த இழப்பு ஃபிலிமிலும் பதியும்.

இரண்டாவது, கண்ணாடியில் மட்டும் நடப்பது. சாய்ந்து வந்த ஒளி கண்ணாடியைத் தாண்டிய பிறகும் பெரும்பகுதி அதே சாய்வில் வெளியே ஓடிவிடுகிறது. நேர் பின்னால் இருக்கும் கண்ணுக்கு வருவதில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள், அந்த வெளிச்சப் பொட்டும் கூடவே இடப்பக்கம் வரும். தலையோடு நகர்வது ஸ்கிரீனின், அதாவது இந்தக் கண்ணாடியின், வேலை. அதைத்தான் நாம் சரிசெய்ய முடியும்.

கேள்வி: அப்படியானால் ‘அதிகப் பிரகாசம்’ என்று விற்கும் ஸ்கிரீனை வாங்கிவிடலாமா அண்ணா?

பதில்: வைட் லென்ஸுக்காகவே வாங்குவதென்றால் அவசரப்படாதீர்கள், தம்பி. எந்த ஸ்கிரீனும் ஒளியைப் புதிதாக உண்டாக்காது. இருப்பதைக் குறுகிய கோணத்துக்குள் அனுப்பினால் நடு பளிச்சென்று இருக்கும், மூலை இன்னும் இருளும். மிக நைசாகத் தேய்த்த கண்ணாடியில் இதுதான் நடக்கிறது. நைசு கூடக்கூட அது ஊடுருவியும் தெரியும். கண் கண்ணாடிப் பரப்பில் நிலைக்காமல் முன்னும் பின்னும் மிதக்கும் பிம்பத்தைப் பிடித்துக்கொள்ளும், ஃபோகஸ் தப்பும். 90-உம் அதற்குக் கீழும் என்றால் என் தேர்வு சற்றே சொரசொரப்பான கண்ணாடியும், அதன் பின்னால் கண் பக்கம் ஒரு ஃபிரெனலும்தான். ஃபிரெனல் என்பது வட்ட வரிப்பள்ளங்கள் கொண்ட தட்டையான பிளாஸ்டிக் லென்ஸ்.

கேள்வி: ஃபிரெனலைக் கண்ணாடிக்கு முன்னால், லென்ஸ் பக்கம் வைத்தேன். துவாரத்தைச் சுருக்கி எஃப் 22-இல் எடுத்தால் படம் சரியாக வருகிறது, விரித்து எஃப் 8-இல் எடுத்தால் மங்குகிறது. ஏன்?

பதில்: கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைவிட்டுப் பின்னால் போய்விட்டது. 1.5 மி.மீ. அக்ரிலிக் ஃபிரெனலை இடையில் செருகினால் கண்ணாடி 1.5 மி.மீ. பின்னால் தள்ளப்படும். பிளாஸ்டிக்கின் ஒளிவிலகலால் பிம்பமும் பின்னால் போகும், ஆனால் தடிமனில் மூன்றில் ஒரு பங்குதான், சுமார் 0.5 மி.மீ. மீதி 1 மி.மீ. பிழை. 90 மி.மீ. லென்ஸில் இது எவ்வளவு என்று பாருங்கள்: 8 மீட்டரில் இருக்கும் சுவரைக் கண்ணாடியில் கூர்மையாக்கினால் ஃபிலிமில் முடிவிலிதான் கூர்மையாக விழும். எஃப் 22-இல் ஃபிலிம் பக்கம் ஏறக்குறைய 2 மி.மீ. வரை முன்பின் தாங்கும், அதனால் தெரியவில்லை. எஃப் 8-இல் 0.8 மி.மீ.தான்.

கண் பக்கம் வைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது. வரிப்பள்ளங்கள் கண்ணாடியை நோக்கியும், வழவழப்பான பக்கம் உங்களை நோக்கியும் இருக்கட்டும். கண்ணாடியின் தேய்த்த முகம் எப்போதும் லென்ஸைத்தான் பார்க்க வேண்டும். துடைத்துவிட்டுத் திருப்பி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு, 2 மி.மீ. கண்ணாடியில் அது 1.3 மி.மீ. பிழை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கிராஃப்லெக்ஸ் நிறுவனத்துக் கேமராக்களின் எக்டாலைட் பின்பகுதிகளில் ஃபிரெனல் லென்ஸ் பக்கமே இருக்கும், அதற்கு ஏற்றபடிதான் கண்ணாடியின் இருக்கையும் அமைந்திருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கண்ணாடியை மாட்டினாலும் ஃபோகஸ் கெடும்.

கேள்வி: சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படி அளப்பது?

பதில்: ஆழம் அளக்கும் மைக்ரோமீட்டர் போதும். ஹோல்டரில் (ஃபிலிமை வைத்துக் கேமராவில் செருகும் சட்டத்தில்) வீணான ஃபிலிம் ஒன்றைப் போட்டு, ஹோல்டரின் முகத்திலிருந்து ஃபிலிம் வரை அளங்கள். 4×5-க்கு ஹோல்டரின் தர அளவு 0.197 அங்குலம், ஃபிலிமின் தடிமன் 0.007 போக 0.190, அதாவது 4.8 மி.மீ. வர வேண்டும். பிறகு கேமராவின் பின்சட்டத்தில் ஹோல்டர் பதியும் பரப்பிலிருந்து கண்ணாடியின் தேய்த்த முகம் வரை நான்கு மூலையிலும் அளங்கள், அதே அளவு வர வேண்டும். மூலைக்கு மூலை மாறினால் இருக்கையின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

கேள்வி: 65 மி.மீ.க்கு எந்தக் குவியத் தூரமுள்ள ஃபிரெனல்?

பதில்: லென்ஸிலிருந்து வரும் ஒளியை உங்கள் கண்ணிடம் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் வேலை. லென்ஸ் 65 மி.மீ. முன்னால், கண் 350 மி.மீ. பின்னால் என்றால் 55 வருகிறது. 90-க்கு 72, 150-க்கு 105. 200, 300 குவியத் தூரமுள்ள ஃபிரெனல் 65-க்கு ஓரளவு உதவிதான் செய்யும். மீதியைக் கண்ணாடியின் சொரசொரப்புதான் ஈடுகட்ட வேண்டும்.

கேள்வி: கண்ணாடியை வீட்டிலேயே தேய்க்கலாமா?

பதில்: தாராளமாக. 2 மி.மீ. கண்ணாடியை அளவாக வெட்டி, முதலில் விளிம்புகளை ஈரக் கல்லில் மழுக்குங்கள். இல்லாவிட்டால் விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு பரப்பில் கோடு போட்டுவிடும். 400 கிரிட் (எண் கூடக்கூட மணி நைசு) கார்போரண்டம் தேய்ப்புப் பொடி அரை டீஸ்பூன், சில சொட்டுத் தண்ணீர். விளிம்பு மழுக்கிய சின்னக் கண்ணாடித் துண்டால் வட்டமாகத் தேய்க்கவும். கரகரவென்ற சத்தம் அடங்கினால் பொடி தேய்ந்துவிட்டது, புதிதாகப் போடுங்கள். கழுவிக் காயவைத்துச் சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும் திட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிறகு எல்லாவற்றையும் நன்றாகக் கழுவிவிட்டு 600-இல் ஒரு சுற்று. வைட் லென்ஸுக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொடியை உலரவிட்டு ஊதாதீர்கள், மூச்சுக்குள் போகும்.

கேள்வி: மூலை வெட்டிய கண்ணாடியால் என்ன பயன்?

பதில்: வைட் லென்ஸுக்கு நல்ல பயன். வெட்டிய மூலை வழியாக லென்ஸைப் பாருங்கள்: துவாரம் முழுதாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு ஒளி தடையின்றி வருகிறது. ஒரு பக்கம் அரிந்த மாதிரி தெரிந்தால் பெல்லோஸோ (லென்ஸுக்கும் பின்சட்டத்துக்கும் நடுவிலுள்ள துருத்தி) லென்ஸ் ஹூடோ மறைக்கிறது, அல்லது லென்ஸை அளவுக்கு மீறி நகர்த்தியிருக்கிறீர்கள்.

கேள்வி: ஃபோகஸ் பார்க்கும் லூப் (உருப்பெருக்கி) எத்தனை மடங்கு?

பதில்: 4 முதல் 6 வரை. அதற்கு மேல் போனால் கண்ணாடியின் மணிகளும் ஃபிரெனலின் வளையங்களும்தான் பெரிதாகும். மூலையில் லூப்பின் கண் முனையை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள், ஒளி அந்தத் திசையில்தான் போகிறது. சென்டர் ஃபில்டர் (நடு வெளிச்சத்தைக் குறைத்து மூலையோடு சமன் செய்வது) இருந்தால் ஃபோகஸ் முடிந்த பிறகு மாட்டுங்கள்.