பவுலர் முனையில் ரன்-அவுட்: அப்பீலை வாபஸ் வாங்கியிருக்க வேண்டுமா?

கேள்வி: மாவட்ட லீக்கில் ஓர் அணிக்கு கேப்டனாக இருக்கிறேன். போன வாரம் கடைசி ஓவரில், பந்து போடும் முன்பே கிரீஸை விட்டுக் கிளம்பிய நான்-ஸ்ட்ரைக்கரை (பவுலர் முனையில் நிற்கும் பேட்ஸ்மேனை) எங்கள் ஆஃப்-ஸ்பின்னர் ரன்-அவுட் செய்தான். ஜெயித்தோம். எதிரணி கை கொடுக்கவில்லை. ‘ஒரு வார்னிங் கொடுத்திருக்கலாம், நீயாவது அப்பீலை வாபஸ் வாங்கியிருக்கலாம்’ என்று எங்கள் கிளப்பிலேயே பேசுகிறார்கள். பையன் நொந்து போயிருக்கிறான். நாங்கள் செய்தது தவறா?

பதில்: தவறில்லை. இதை முதலில் அந்தப் பையனிடம் சொல்லுங்கள், அணி மொத்தமும் கூடியிருக்கும்போது சொல்லுங்கள். கிரிக்கெட் விதிகளின் முன்னுரையே ஆட்டம் நேர்மையாக நடப்பதற்கான முதன்மைப் பொறுப்பைக் கேப்டன்கள் தலையில்தான் வைக்கிறது. பழிச்சொல் வந்தால் அதைத் தாங்க வேண்டியவர் நீங்கள், பவுலர் அல்ல.

எச்சரிக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. இந்திய பவுலர் வினு மன்கட் 1947 ஆஸ்திரேலியப் பயணத்தில், சிட்னியில் நடந்த ஒரு பயண ஆட்டத்தில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பில் பிரவுனை முதலில் எச்சரித்துவிட்டுத்தான் அவுட் செய்தார். அதே மைதானத்தில் டிசம்பரில் நடந்த டெஸ்ட்டில் பிரவுன் மறுபடியும் முன்னால் நகர்ந்தார், மறுபடியும் அவுட். பத்திரிகைகள் மன்கடைத் திட்டின. எதிரணி கேப்டன் டான் பிராட்மேனோ மன்கட் பக்கம் நின்றார். அப்படியிருந்தும் வெளியே ஓடியவரை விட்டுவிட்டு, பிடித்தவர் பெயரையே ‘மன்கடிங்’ என்று இந்த அவுட்டுக்கு வைத்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

2019 ஐ.பி.எல்.லில் ஜெய்ப்பூரில் 69 ரன்னில் இருந்த ஜாஸ் பட்லரை அஷ்வின் இப்படி அவுட் செய்தபோதும் அதே கூச்சல்தான் கிளம்பியது. 2022 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்.சி.சி. கிளப் இந்த அவுட்டை ‘முறையற்ற ஆட்டம்’ என்ற 41-வது விதியிலிருந்து எடுத்து, ‘ரன்-அவுட்’ என்ற 38-வது விதியில் சேர்த்தது. இப்போது இது சாதாரண ரன்-அவுட்தான்.

செய்யும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். பவுலரின் கை வழக்கமான ஆக்‌ஷனில் உச்சிக்குப் போய்விட்டால், அதற்குப் பிறகு பெயில்ஸைத் தட்டினாலும் அவுட் இல்லை. 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் டி20 லீக் ஆட்டம் ஒன்றில் ஆடம் ஸாம்பாவுக்கு இதுதான் நடந்தது. அவர் கை உச்சியைத் தாண்டிவிட்டதால் மூன்றாவது அம்பயர் நாட்-அவுட் கொடுத்தார். பந்து போடுவதுபோலக் கையைச் சுழற்றி, நான்-ஸ்ட்ரைக்கரை வெளியே இழுத்துவிட்டுத் திரும்பி வந்து தட்டுவதை நானும் ஏற்கமாட்டேன். உங்கள் பையன் கையைத் தூக்கும் முன்பே தட்டியிருந்தால் யாரும் குறை சொல்ல இடமில்லை.

அப்பீலை வாபஸ் வாங்கும் உரிமை கேப்டனுக்கு உண்டு, ஆனால் அம்பயர் சம்மதிக்க வேண்டும். அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். இன்னிங்ஸ் முடிந்திருந்தால் அம்பயர்கள் மைதானத்தை விட்டுப் போவதற்குள். எப்போது வாங்கலாம்? நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: அந்த பேட்ஸ்மேன் கூடுதலாக எதையாவது பறிக்கப் பார்த்தாரா?

1980 மும்பை டெஸ்ட்டில் இங்கிலாந்து 58-க்கு 5 விக்கெட். பாப் டெய்லருக்கு கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுத்தாயிற்று. பந்து பேட்டில் படவில்லை என்று தெரிந்ததும் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள், இந்தியா தோற்றது. 2011 டிரென்ட் பிரிட்ஜில், டீ இடைவேளை வந்துவிட்டது என்று நினைத்துக் கிரீஸை விட்டு நடந்து ரன்-அவுட்டான இயன் பெல்லை தோனி திரும்ப அழைத்ததும் இதே வகைதான். டெய்லரும் சரி, பெல்லும் சரி, ஒரு ரன்னைக்கூடத் திருடப் பார்க்கவில்லை. அங்கே காட்டிய பெருந்தன்மைக்கு அர்த்தம் இருக்கிறது.

2023-ல் குவாஹாட்டியில் 98-ல் நின்ற தசுன் ஷானகாவை ஷமி அவுட் செய்ய, ரோஹித் அப்பீலை வாபஸ் வாங்கினார். வெற்றி ஏற்கெனவே கையில் இருந்ததால் அது அவருக்கு எளிதாக இருந்தது. 1987 உலகக் கோப்பையில் லாகூரில் கோர்ட்னி வால்ஷ் கடைசிப் பந்தில் முன்னால் நகர்ந்த பாகிஸ்தானின் சலீம் ஜாஃபரை அவுட் செய்யாமல் விட்டுவிட்டார்; ஒரு விக்கெட்டில் தோற்ற மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்கே போகவில்லை. வால்ஷின் மனசை வணங்குகிறேன். ஆனால் அதை எல்லா பவுலருக்கும் கடமையாக்கி, செய்யாதவனை ஏமாற்றுக்காரன் என்பது நியாயமில்லை.

உங்கள் அணிக்குள் சண்டை ஓய வேண்டுமானால், இதைச் சீசனுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். 2020 ஐ.பி.எல்.லில் டெல்லி அணியின் பயிற்சியாளர் ரிக்கி பாண்டிங்குக்கு இந்த அவுட் பிடிக்காது. அஷ்வினோடு முன்கூட்டியே பேசினார். அதனால்தான் துபாயில் ஆரோன் ஃபின்ச் வெளியே நின்றபோது அஷ்வின் ஓடி வந்து நின்று, எச்சரித்து விட்டார். முடிவு எதுவானாலும் சரி, பவுலர் நெருக்கடியில் தனியாக எடுப்பதாக இருக்கக் கூடாது.

எதிரணி கேப்டனுக்கு ஒரு போன் போடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம்; அடுத்த ஆட்டத்தில் உங்கள் ஆட்கள் முன்னால் நகர்ந்தால் அவர்களும் தாராளமாகத் தட்டலாம் என்று சொல்லுங்கள். பிறகு வலைப்பயிற்சியில் உங்கள் நான்-ஸ்ட்ரைக்கர்களுக்கும் இதைப் பழக்குங்கள்: பேட்டின் நுனி கிரீஸுக்கு உள்ளே தரையில், பார்வை பவுலரின் கையில், பந்து விரலை விட்டுப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகே முதல் அடி.