தொலைஞ்ச மோதிரத்தை மெட்டல் டிடெக்டர் வெச்சு நிஜமாவே கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் பீச்ல கல்யாண மோதிரத்தைத் தொலைச்சுட்டு வந்து ரெண்டு நாள் ஆகுதாம், இனிமே தேடிப் பிரயோஜனம் இருக்கா, மெஷின் வாங்கி நானே தேடலாமா, இல்ல ஃபோன்ல ஆப் போட்டாலே போதுமான்னு கேட்டிருக்கார். மத்தவங்க தொலைச்ச நகையைத் தேடிக் கொடுக்குறதை நான் பல வருஷமா ஆர்வத்துல செஞ்சுட்டு வர்றேன், அதனால தெரிஞ்சதை எல்லாம் சொல்லிடறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முடியும். ரெண்டு நாள் ஆயிடுச்சேன்னு கைவிட வேண்டாம், தங்கம் துருப்பிடிக்காது, உப்புத்தண்ணியும் அதை ஒண்ணும் செய்யாது, அலை படாத இடமா இருந்தா விழுந்த இடத்துல அது பாட்டுக்குக் கிடக்கும். ஆனா அந்த விழுந்த இடம் எதுன்னு தெரியணுமே, அங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. சாதாரணமா எல்லாரும் வெச்சிருக்குற மெஷினோட காயில், அதாவது தரைக்கு மேல ஆட்டுற அந்த வட்டத் தட்டு, சுமார் 28 செ.மீ அகலம், அதை வெச்சு முழு பீச்சையும் அலசுறது நடக்குற காரியமா? என்னைக் கேட்டா இந்த வேலையில முக்கால்வாசி தொலைச்சவரோட ஞாபகம், மெஷின் மிச்சம் கால்வாசிதான்.

ஆப் விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். ஃபோனுக்குள்ள இருக்குறது திசை காட்டறதுக்காக வெச்ச காந்த சென்சார், அதைப் பயன்படுத்தித்தான் இந்த ஆப் எல்லாம் வேலை செய்யுது, இரும்பு மாதிரி காந்தத்துக்கு இழுபடற உலோகம் பக்கத்துல வந்தா முள் ஆடும், அவ்வளவுதான். தங்கம், வெள்ளி, பிளாட்டினம் எதுவும் அதுக்குத் தெரியாது. கயித்துல காந்தத்தைக் கட்டித் தண்ணிக்குள்ள விட்டுத் துழாவுறதும் இதே கதைதான், இரும்புச் சாமான் ஒட்டிக்கிட்டு வரும், தங்க மோதிரம் வராது. அந்த நேரத்தை வேற விஷயத்துல செலவு பண்ணுங்க.

யாராவது கூப்பிட்டா நான் உடனே மெஷினைத் தூக்கிட்டு ஓடமாட்டேன், முதல்ல உக்காந்து பேசுவேன். மோதிரம் விரல்ல இருந்ததைக் கடைசியா எப்போ உறுதியா பாத்தீங்க, இல்லைன்னு எப்போ தெரிஞ்சுது, இந்த ரெண்டுக்கும் நடுவுல கை என்னென்ன செஞ்சுது, இதுதான் முக்கியம். "அங்க நின்னுட்டு இருந்தேன்"னு சொல்றது எனக்கு அவ்வளவா உதவாது, கை என்ன பண்ணுச்சுன்னு சொல்லணும், பந்து எறிஞ்சீங்களா, குழந்தையைத் தண்ணியில இருந்து தூக்குனீங்களா, துண்டை உதறுனீங்களா, கையில கிரீம் தேய்ச்சீங்களா, கையுறையைக் கழட்டுனீங்களா. குளிர்ந்த தண்ணியில இருந்தா விரல் சுருங்கும், கிரீம் தடவியிருந்தா வழுக்கும், இது ரெண்டும் சேந்தா கையை ஒரு உதறு உதறினாலே மோதிரம் பறந்துடும். அப்புறம் அன்னைக்கு எடுத்த ஃபோட்டோ எல்லாத்தையும் பெருசு பண்ணிப் பாருங்க, இதை யாருமே செய்யறதில்ல, ஆனா ஒவ்வொரு ஃபோட்டோலயும் நேரம் பதிஞ்சிருக்கும், எந்த ஃபோட்டோல மோதிரம் விரல்ல இருக்கு, எதுல இல்லைன்னு பாத்தாலே அரை நாள்ங்கறது பத்து இருபது நிமிஷமா சுருங்கிடும்.

இப்படித்தான் ஒரு அம்மா, மோதிரம் கடலுக்குள்ள போயிடுச்சுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாங்க, இடுப்பளவு தண்ணியில அலை அடிச்சப்போ கழண்டுடுச்சுன்னு அந்த இடத்தையும் காட்டினாங்க. அவங்க பொண்ணோட ஃபோன்ல இருந்த ஃபோட்டோவைப் பாத்தா கரைக்கு வந்து தலை துவட்டும்போது மோதிரம் விரல்ல பளிச்சுனு இருக்கு. அப்புறம் என்ன பண்ணீங்கன்னு கேட்டா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, வெயில் அடிச்சுது, சன்ஸ்கிரீன் போட்டேன், துண்டை உதறி மடிச்சேன்னு சொல்றாங்க. துண்டு விரிச்ச இடத்தைச் சுத்தித் தேடினோம், காஞ்ச மணல்ல கொஞ்சம் ஆழத்துலயே கிடைச்சுது. அவங்க பொய் சொல்லல, பதட்டத்துல மனசு ஒரு கதையைக் கட்டி அதையே நம்பிடுது, எல்லாருக்கும் நடக்குறதுதான்.

இன்னொரு வகை இருக்கு, இதைச் சொல்லவே பலபேர் கூச்சப்படுவாங்க. சண்டையில கழட்டித் தூக்கி எறிஞ்சது. நிறைய பேர் "தவறி விழுந்துடுச்சு"ன்னு ஆரம்பிப்பாங்க, தவறி விழுந்ததுன்னா காலடியில இருக்கணும், அங்க இல்லைன்னா எனக்கே புரிஞ்சுடும். தயவு செஞ்சு தேட வர்றவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க, உங்களை எடை போடறது அவர் வேலை இல்ல, எறிஞ்சதா விழுந்ததாங்கறதைப் பொறுத்துத் தேடற இடமே மாறிடும். எறிஞ்ச மோதிரத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கு, கிட்டத்தட்ட அதே எடையில சின்ன நட்டு இல்லன்னா வாஷர் நாலஞ்சை எடுத்துக்கிட்டு, எறிஞ்சவரே அதே இடத்துல அதே பக்கம் பாத்து நின்னு, அன்னைக்கு எறிஞ்ச அதே வேகத்துல எறியணும். அது போய் விழற இடமெல்லாம் சேந்து ஒரு விசிறி வடிவம் கிடைக்கும், தேடலை அங்க இருந்து ஆரம்பிக்கலாம். எறிஞ்ச நட்டை எல்லாம் எண்ணிப் பொறுக்கிடுங்க, இல்லன்னா அப்புறம் அதுவே சிக்னல் கொடுத்துத் தொந்தரவு பண்ணும்.

தொலைஞ்சது தெரிஞ்ச அந்த நிமிஷத்துல செய்ய வேண்டியது, அசையாம நில்லுங்க. கூட்டமா சேந்து மணலைக் கையால கிளறினா மேலாப்புல கிடந்த மோதிரம் இன்னும் கீழ போயிடும், இல்ல கால்பட்டு நகந்துடும். ஃபோன் மேப்ல அந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க, ஆனா அது சில மீட்டர் தள்ளிக் காட்டலாம், அதனால நின்ன இடத்துல இருந்தே நாலு பக்கமும் ஃபோட்டோ எடுங்க, தூரத்துல இருக்குற கம்பமும் அதுக்குப் பின்னாடி இருக்குற கட்டடமும் எப்படி ஒரே கோட்டுல வருதுன்னு பாத்து வெச்சுக்கோங்க, இந்த மாதிரி ரெண்டு கோடு கிடைச்சா போதும், ரெண்டும் வெட்டுற இடம் மேப்பை விடத் துல்லியமா இருக்கும். மணி என்னன்னு கண்டிப்பா எழுதுங்க, ஏன்னா கடல் அந்த நேரத்துல எவ்வளவு ஏறியிருந்துச்சுன்னு அதை வெச்சுத்தான் தெரியும், ஏத்தத்துல இடுப்பளவு தண்ணி இருந்த இடம் வத்தத்துல வெறும் ஈர மணலா இருக்கலாம். புல்வெளியா இருந்தா தேடி முடிக்கிற வரைக்கும் புல்லு வெட்டவே கூடாது, மெஷின் பிளேடு மோதிரத்தை நசுக்கிடும்.

சரி, மெஷினுக்கு வருவோம். காயில்ல மாறிக்கிட்டே இருக்குற ஒரு காந்தப் புலம் உண்டாகும், அது பூமிக்குள்ள இருக்குற உலோகத்துல பட்டா அதுல சின்னதா மின்னோட்டம் சுத்தும், அந்த மின்னோட்டம் திருப்பி ஒரு புலத்தை உண்டாக்கும், மெஷின் கேக்குறது அதைத்தான். மோதிரம் முழு வட்டமா இருக்குறதால மின்னோட்டம் தடையில்லாம சுத்தும், அதனால அளவுக்கு மீறி நல்ல சிக்னல் கொடுக்கும், அதே மோதிரம் ஒரு இடத்துல வெட்டு விட்டிருந்தா சிக்னல் பாதாளத்துக்குப் போயிடும். பெரும்பாலான மெஷின் திரையில ஒரு நம்பர் காட்டும், டார்கெட் ஐடின்னு சொல்லுவாங்க, வெள்ளி மேல வரும், தங்கமும் பிளாட்டினமும் கீழயும் நடுவுலயும் வரும். இங்கதான் வம்பு. அலுமினிய ஃபாயில் துண்டு, கேன்ல இழுத்துத் திறக்குற அந்த வளையம், இதெல்லாமும் அதே நம்பர்ல தான் வரும். குப்பை வேண்டாம்னு அந்த நம்பரை எல்லாம் அணைச்சு வெச்சுட்டுத் தேடுறவங்க மோதிரத்துக்கு மேலேயே நடந்து போயிடுவாங்க, மெஷின் வாயே திறக்காது. மோதிரம் தேடணும்னா ஃபாயில் பொறுக்கித்தான் ஆகணும், வேற வழி இல்ல.

அதுக்கு ஒரு வசதியான விஷயம் இருக்கு. கல்யாண மோதிரம்னா ஜோடியா வாங்கியிருப்பாங்க இல்லையா, துணையோட மோதிரத்தை வாங்கித் தரையில வெச்சு மேல காயிலை ஆட்டிப் பாப்பேன், அது என்ன நம்பர் காட்டுது, சத்தம் எப்படி இருக்குன்னு காதுல ஏத்திக்குவேன். ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்காது, சைஸ் மாறினா நம்பரும் கொஞ்சம் மாறும், இருந்தாலும் சும்மா தேடுறதை விட ஆயிரம் மடங்கு தெம்பா இருக்கும். ஜோடி இல்லைன்னா மோதிரம் போட்ட கையோட ஃபோட்டோ, எத்தனை காரட், கனமா மெல்லிசா, இதெல்லாம் சொன்னாலே உதவி.

பக்கத்துல வேற உலோகம் இருக்கக் கூடாது. 1881-ல அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை சுட்டப்போ உடம்புக்குள்ள போன குண்டைத் தேட டெலிஃபோன் புகழ் கிரஹாம் பெல் இதே தத்துவத்துல ஒரு கருவி செஞ்சு கொண்டுபோனார், குண்டு கிடைக்கல, மெத்தையில இருந்த இரும்பு ஸ்பிரிங் சிக்னலைக் குழப்பினது அதுக்கு ஒரு காரணமா சொல்றாங்க. அதனால தேட ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி நாற்காலி, குடை, சைக்கிள் எல்லாத்தையும் தள்ளி வெச்சுடுங்க, இரும்பு வெச்ச ஷூ வேண்டாம், ஃபோனைக் காயில் பக்கம் கொண்டு வராதீங்க.

உங்க கேஸ் பீச்ங்கறதால இதைக் கவனமா படிங்க. காஞ்ச மணல்ல பெரும்பாலும் எந்த மெஷினும் வேலை செய்யும். கடல் தண்ணி ஊறின மணல் அப்படி இல்ல, உப்புத்தண்ணி தானே மின்சாரம் கடத்தும், ஒரே அலைவரிசையில ஓடுற சாதாரண மெஷின் அங்க போனா சும்மா கத்திக்கிட்டே இருக்கும், வாங்கினவர் மெஷின் ரிப்பேர்னு நினைச்சுடுவார். ஒரே நேரத்துல பல அலைவரிசையில ஓடுற மெஷின், இல்லன்னா விட்டு விட்டுத் துடிப்பு அனுப்புற பல்ஸ் இண்டக்ஷன் மெஷின் வேணும். பல்ஸ் வகை நல்ல ஆழம் போகும், ஆனா இரும்பையும் தங்கத்தையும் ஒழுங்கா பிரிச்சுச் சொல்லாது, ஆணி, பாட்டில் மூடி எல்லாத்தையும் தோண்டணும். தங்கம் ஒரு கன செ.மீ-க்கு 19.3 கிராம், மணல் துகள் சுமார் 2.65 கிராம், நகைத் தங்கம் கலப்பு சேந்து கொஞ்சம் குறையும்னாலும் மணலை விடப் பல மடங்கு கனம், அலை வந்து வந்து மணலைக் கலக்கும்போது மோதிரம் மெல்ல இறங்கிக் கீழ இருக்குற கெட்டியான அடுக்குல போய் உக்காந்துக்கும். மோதிர சைஸுக்கு மெஷின் எட்டுறது ஒரு 15, 20 செ.மீ, நல்ல மெஷினும் நல்ல காதும் இருந்தா இன்னும் கொஞ்சம். அதனால ஈர மணல்ல விழுந்திருந்தா தள்ளிப் போடாதீங்க, காஞ்ச மணல்னா மணலைச் சலிச்சு சுத்தம் பண்ற வண்டி ஓடுற பீச்சான்னு விசாரிங்க, அது அள்ளிட்டுப் போயிடும்.

தேடுற முறை, கயிறு கட்டிக் கட்டம் போட்டு, வயலை உழற மாதிரி ஒரு கோடு போய் அடுத்த கோடு அதை ஒட்டியே திரும்பி வரணும், காயில் தரையை உரசுற மாதிரி மட்டமா இருக்கணும், ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சுல பாதியை மூடணும். முடிஞ்சா அதே கட்டத்தைக் குறுக்கேயும் ஒரு தடவை. இது அலுப்பான வேலை, இந்த அலுப்புலதான் பலபேர் அங்க ஒரு ஆட்டு இங்க ஒரு ஆட்டுன்னு ஆட்டிட்டு "இல்ல"ன்னு போயிடறாங்க. புல்வெளியில சிக்னல் கிடைச்சா உடனே மண்வெட்டியைப் போடாதீங்க, சமீபத்துல விழுந்த மோதிரம் புல்லு வேருக்கு நடுவுலயே இருக்கும், பின்பாய்ண்டர்னு உலோகம் இருக்குற இடத்தைக் கிட்டப் போய்த் துல்லியமா காட்டுற கருவி கையடக்கமா ஒண்ணு இருக்கு, அதை வெச்சு விரலால விலக்கிப் பாத்தாலே போதும்.

செயின் தொலைச்சவங்க நிறைய பேர் கேக்குறாங்க. கஷ்டம்தான், மறைக்காம சொல்லிடறேன். மெல்லிசு செயின்ல ஒவ்வொரு கண்ணியும் மெஷினுக்குத் தனித்தனி குட்டி வளையம், முழு செயினா அதுக்குத் தெரியாது, பெரும்பாலும் கொக்கி, டாலர் இதுதான் சத்தம் கொடுக்கும். குட்டி கம்மலும் அப்படித்தான். முத்து, வைரம் மட்டும் தனியா கழண்டு விழுந்துட்டா மெஷின் உதவவே உதவாது, சல்லடைதான்.

மெஷின் வாங்கலாமான்னா, இந்த ஒரு மோதிரத்துக்காக வேண்டாம்னு சொல்லுவேன். பழகாத காதுக்கு ஃபாயில் சத்தமும் மோதிரச் சத்தமும் ஒண்ணாத்தான் கேக்கும். தேடிக் கொடுக்குறவங்க பல இடத்துல இருக்காங்க, கிடைச்சா உங்களால முடிஞ்சதைக் கொடுங்கன்னு சொல்றவங்களே அதிகம், போற செலவை மட்டும் முன்னாடி பேசிக்கோங்க. வர்றவர்கிட்ட மோதிரத்துக்குள்ள என்ன பொறிச்சிருக்குன்னு சொல்லிடுங்க, ஆனா பொதுவுல எங்கயும் போடாதீங்க, வேற யாராவது எடுத்து வெச்சிருந்தா உங்களுதுன்னு நிரூபிக்க அது ஒண்ணுதான் இருக்கும். அடுத்தவங்க இடமா இருந்தா அனுமதி கேட்டுட்டுத்தான் இறங்கணும், பாதுகாக்கப்பட்ட பழைய சின்னங்கள் இருக்குற இடத்துல பல நாட்டுல டிடெக்டரை எடுக்கவே தடை.

கிடைச்சதும் சந்தோஷத்துல அங்கயே விரல்ல மாட்டிக்காதீங்க, தண்ணியில கழண்டு போற அளவுக்கு லூசா இருந்திருக்குன்னு அர்த்தம், நகை வேலை தெரிஞ்சவர்கிட்ட கொடுத்து சைஸைக் குறைச்சுட்டுப் போட்டுக்கோங்க, கல் வெச்சதா இருந்தா கல்லைப் பிடிச்சிருக்குற கம்பி மணல்ல வளைஞ்சிருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க.