ஒயினை எத்தனை டிகிரியில் பரிமாறுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிடோக் வாசகர்: சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பரிமாறினால் நெடி மூக்கில் ஏறுகிறதே, ஐயா?

பதில்: அந்த வழக்கம் பழைய பிரெஞ்சு வீடுகளில் தோன்றியது, அங்கே அறை என்பது 16 முதல் 18 டிகிரி, உங்கள் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடமோ பிற்பகலில் 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் மதுசாரம் முந்திக்கொண்டு ஆவியாகிப் பழ வாசத்தை அமுக்கிவிடுகிறது. போர்தோ போன்ற கனமான சிவப்பு ஒயினை ஐஸ் கட்டியும் தண்ணீரும் சரிபாதியாக நிரப்பிய வாளியில் பத்து நிமிடம் வைத்தால் போதும். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்று தங்கிவிடும் என்பதால் தண்ணீர் அவசியம். போத்தலின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதல் குவளை மட்டும் வெதுவெதுப்பாக விழும். பினோ நுவார் போன்ற இலகுவான சிவப்பு ஒயினுக்கு 13 முதல் 15 டிகிரி வரை பொருந்தும். நாள் முழுதும் குளிரவைப்பதும் தவறுதான். குளிரில் துவர்ப்பு தூக்கலாகி நாக்கு வறளும்.

தெம்பனிஸ் வாசகர்: வெள்ளை ஒயினை அப்படியே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றலாமா?

பதில்: பெட்டிக்குள் ஏறத்தாழ 4 டிகிரி, அதில் மணம் ஊமையாகிவிடும். சாவிஞோன் பிளாங்கை 8 முதல் 10 டிகிரியிலும், ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டனேயை 10 முதல் 13 டிகிரியிலும் பரிமாறுங்கள்.

ஈசூன் வாசகர்: சிவப்பு ஒயினையுமா குளிரவைக்க வேண்டும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: இதயத்துக்கு எந்த ஒயின் நல்லது?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

ஜூரோங் வாசகர்: இத்தனை கணக்கு எதற்கு? மீன் தலைக் கறியோடு குடிக்கும்போது சிவப்பு ஒயினில் ஐஸ் கட்டி போடுகிறேன். என் பணம், என் குவளை.

பதில்: குவளை உங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டி உருக உருக ஒயின் நீர்த்துப்போகும். கடைசி மிடறு, பழச்சாறு குடித்த குவளையை அலசிய தண்ணீர்போல் இருக்கும். குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் உறையவைத்த திராட்சைகளைப் போடுங்கள். அந்தக் கறியின் காரத்துக்குச் சற்று இனிப்பான ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை 8 டிகிரியில் ஊற்றிப் பார்த்துவிட்டு மறுபடி சண்டைக்கு வாருங்கள்.

செங்காங் வாசகர்: ஜூரோங் நண்பர் சொல்வதே சரி. அது இருக்கட்டும், ஷாம்பெயினை உறைபெட்டியில் வைத்து மறந்துவிட்டேன். என்ன செய்வது?

பதில்: உறைபெட்டி வேண்டாமென்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! அந்தப் போத்தலுக்குள் ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது; உறைந்தால் விரிவடைந்து கண்ணாடியே வெடிக்கலாம். தடித்த துணியால் சுற்றி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரவு வையுங்கள். முழுவதும் உருகும்வரை தக்கைமேல் இருக்கும் கம்பியைத் தொடாதீர்கள்.