கீமோ ஊசியும் மூக்கிரட்டைக் கஷாயமும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். மூன்று வாரம் முடிந்தது. அது கிட்னியைக் கெடுக்கும் என்று சொல்லி, சொந்தக்காரர் ஒருவர் மூக்கிரட்டை வேரும் நெருஞ்சிலும் சேர்த்த பொடி கொடுத்தார். எலிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களாம். பத்து நாளாகக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன். போன வாரம் வரை 0.7 இருந்த கிரியேட்டினின் இப்போது 1.1. ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் இருக்கிறது. கஷாயத்தைத் தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். அடுத்த ஊசி நாள் வரை காத்திருக்காமல் நாளைக்கே ரிப்போர்ட்டோடு புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் அது கூடும். லேபில் அச்சிடும் நார்மல் அளவு ஊருக்கெல்லாம் பொது. உங்கள் அம்மாவின் அளவு 0.7. ஒரே வாரத்தில் அது ஒன்றரை மடங்கைத் தாண்டினால், எண் எதுவானாலும் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். சிறுநீர் தாராளமாகப் போகிறதே என்று நினைப்பீர்கள். சிஸ்பிளாட்டின் பாதிப்பில் பெரும்பாலும் சிறுநீர் குறைவதில்லை. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

எலி ஆய்வுகள் இருப்பது உண்மை. மூக்கிரட்டை, சிறுபீளை, நெருஞ்சில் எல்லாவற்றையும் சோதித்திருக்கிறார்கள். நோயில்லாத எலிக்குப் பெரும்பாலும் சில நாள் முன்பிருந்தே அளந்த சாற்றைக் கொடுத்து, பிறகு சிஸ்பிளாட்டினோ, அதேபோல் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோ ஊசி போட்டு, சில நாளில் சிறுநீரகத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சாறு குடித்த எலிகளில் செல்கள் குறைவாகச் செத்திருக்கும். ஆனால் அந்த எலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புற்றுநோய் கிடையாது. சிறுநீரகச் செல்லைக் காக்கிற பொருள் புற்றுநோய்ச் செல்லையும் மருந்திடமிருந்து காத்துவிடுமோ என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. அம்மாவுக்கு அதுதானே முக்கியம்?

இன்னொன்று. ஊசிக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மெக்னீசியமும் சேர்ப்பது உண்டு. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் இந்த மருந்தை இரத்தத்திலிருந்து இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளும். உடம்பில் நீர் வற்றினால் பாதிப்பு கூடும் என்பதால்தான் அந்தச் சலைன். மூக்கிரட்டையோ நீரைப் பிரித்து வெளியேற்றுவது. கீமோவால் வாந்தியும் இருந்தால் ஏற்றிய நீர் எங்கே தங்கும்? மூக்கிரட்டையில் பொட்டாசியமும் அதிகம். சிறுநீரகம் தளரும்போது பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். போதாததற்கு, மூக்கிரட்டை என்று விற்பதில் சாரணை என்ற வேறொரு செடி கலந்துவருவதும் உண்டு. பொடியாக்கிவிட்டால் நீங்களோ நானோ கண்டுபிடிக்க முடியாது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மூக்கிரட்டைக்கு அங்கே நல்ல இடம் உண்டு. இந்த ஊசி போகும் வாரங்களில் வேண்டாம், அவ்வளவுதான்.

நாளை போகும்போது பொடிப் பாக்கெட்டையும் கொண்டுபோங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். நல்லதை நினைத்துத்தான் கொடுத்தீர்கள். கிரியேட்டினினை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கூடவே பொட்டாசியம், மெக்னீசியம். கெண்டைக்கால் இழுக்கிறதா, விரல் மரத்துப்போகிறதா என்று அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள். மெக்னீசியம் குறைந்தால் அப்படி வரும். இடுப்பு வலி என்று கடையில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வாங்கித் தர வேண்டாம், அதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சி.டி. ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்தும் சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம்; அதை ஏற்றுவதாக இருந்தால் இந்த 1.1 பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்.

மருத்துவர் ஊசியை ஒரு வாரம் தள்ளிப்போடலாம், அளவைக் குறைக்கலாம், சிறுநீரகத்தை அவ்வளவாகப் பாதிக்காத, அதே வகை மருந்தான கார்போபிளாட்டினுக்கு மாற்றலாம். அப்படி மாற்றினால் சிகிச்சை கைவிட்டுப்போனதாகப் பயப்படாதீர்கள். கதிர்வீச்சு நாட்களை மட்டும், அவர்களாக நிறுத்தச் சொன்னாலொழிய, தவறவிட வேண்டாம்.