கடலோரப் பழைய வீட்டை வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உவரிப் பக்கம் 1985இல் கட்டிய கான்கிரீட் வீடு விலைக்கு வருகிறது, புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புது வெள்ளையைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் அண்ணாந்து மச்சைப் பாருங்கள். உப்புக்காற்றில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். துரு ஏறிய இரும்பு பல மடங்கு பருத்துவிடும். அந்த அழுத்தத்தில் கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக வெடிப்பு விழும். ஒரு கம்பால் மச்சைத் தட்டுங்கள். 'டப் டப்' என்று பொள்ளலாகக் கேட்டால் அடிப்பக்கக் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கலாம். அதன்மேல் சிமெண்ட் பூசுவது வீண் செலவு.

இன்னொன்று மணல். கட்டியது ஆற்று மணலா, கடற்கரை மணலா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கடல் மணலைக் கழுவாமல் போட்டிருந்தால் உப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டை நான் வாங்கச் சொல்லமாட்டேன். கடலோரத்தில் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடுகனம், அதாவது கம்பியை மூடிநிற்கும் கான்கிரீட்டின் கனம், வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. பழைய வீடுகளில் அவ்வளவு இருப்பது அபூர்வம். பொறியாளரைக் கூட்டிப்போய் ஓரிடத்தில் உடைத்தே பாருங்கள்.

சுவரடியில் உப்புப் பூத்திருக்கிறதா என்பதை ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். வயரிங், எர்த் இரண்டையும் எப்படியும் புதிதாகப் போட வேண்டிவரும். அப்புறம், இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி அனுமதிக்குமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.