அட்டையில் ஏன் எப்போதும் அறுவடை?

கேள்வி: பழைய வேளாண் இதழ்களின் அட்டைகளை அடுக்கிப் பார்த்தால் விளைந்த வயலும் நீல வானமுமாகவே இருக்கின்றன. நாற்று, களை, சேறெல்லாம் எங்கே போயின?

பதில்: ரசனை மட்டும் காரணமல்ல, அச்சுக்கும் பங்குண்டு. இதழின் பெயரை வைக்க அட்டையின் மேற்புறம் கால்வாசியாவது வெறுமையாக இருக்க வேண்டும். அதற்குத் தோதானது வானம். அடிவானத்தைக் கீழே இறக்கிப் படமெடுப்பார்கள்; நிலம் சுருங்கிவிடும்.

அடுத்தது மை. நான்கு வண்ண ஆஃப்செட்டில் (தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகத் தாளில் மை ஏற்றும் அச்சு) முற்றிய கதிரின் நிறத்துக்கு மஞ்சளும் கொஞ்சம் மஜந்தாவும் (ஊதாச் சிவப்பு) இருந்தாலே பளிச்சென்று விழும். ஈர மண்ணுக்கு சயான் (பச்சை கலந்த நீலம்), மஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டும். ஒவ்வொரு மையும் 100 விழுக்காடு வரை ஏறலாம்; நான்கின் கூட்டுத்தொகை 300 விழுக்காட்டை வெகுவாகத் தாண்டினால் வழவழப்பான தாளிலும் காயத் தாமதமாகி, மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டும். சேற்றின் நுணுக்கமும் ஒரே கறுப்பாக அடைந்துபோகும். கதிர்ப் படம் இந்தத் தொல்லை எதையும் தராது.

விளைவு சின்னதல்ல. ஆண்டில் சில நாட்களே நடக்கும் அறுவடைதான் மொத்த வேளாண்மை என்று தோன்றிவிடுகிறது. வாரக்கணக்கில் குனிந்து நட்ட, களையெடுத்த கைகள், பல நாடுகளில் பெண்களின் கைகள், கண்ணிலேயே படுவதில்லை. இது நியாயமே இல்லை.

கேள்வி: ஓவியம் போய்ப் புகைப்படம் வந்ததும் அட்டைகள் உண்மையை நெருங்கினவா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. ஓவியமோ புகைப்படமோ, இதழை யார் வாங்குகிறார்கள் என்பதைத்தான் அட்டை முதலில் காட்டும். அமெரிக்காவில் 1853-இல் தொடங்கிய 'கன்ட்ரி ஜென்டில்மேன்' வேளாண் இதழை 1911-இல் கர்ட்டிஸ் பதிப்பு நிறுவனம் வாங்கியது. 1917-இல் ஓவியர் நார்மன் ராக்வெல் அதற்கு அட்டை வரையத் தொடங்கியபோது நாயகன் உழவர் அல்ல. கிராமத்துக்கு வந்த நகரத்துப் பையன் ரெஜினால்டும் அவனைச் சீண்டும் பையன்களும்தான். வீட்டில் எல்லோரும் கையிலெடுக்க வேண்டிய இதழ் அது. புகைப்படக் காலத்திலும் அப்படித்தான்: அமெரிக்கச் செய்தி இதழ் 'டைம்' வெளியிட்ட 2000 ஜூலை 31 அட்டை, வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றிய பொன்னிற அரிசியைப் பற்றியது. அதில் இருப்பவர் உழவர் அல்ல, அந்த அரிசியை உருவாக்கியவர்களில் ஒருவரான விஞ்ஞானி இங்கோ பொட்ரிகஸ்.

புகைப்படத்தைச் சோதிக்க ஒரு வழி: டிராக்டரின் பின்சக்கரத்தைப் பாருங்கள். உழுத வண்டியென்றால் டயர் பற்களின் இடுக்கில் மண் அப்பியிருக்கும். டயர் சுத்தமாக, பின்னால் கலப்பையும் டிரெய்லரும் இல்லாமல், விளைந்த பயிருக்கு நடுவே வண்டி நின்றால் அது படத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்தியது. இன்னொன்று, மாத இதழ்கள் முன்கூட்டியே தயாராவதால் விதைப்புக் கால இதழில் இருப்பது பெரும்பாலும் முந்தைய ஆண்டின் வயல். அந்த ஆண்டு மழைக்கு அட்டையைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

கேள்வி: பத்தாண்டுகளை ஒப்பிட எப்படி அட்டைகளைச் சேர்ப்பது?

பதில்: ஆண்டுதோறும் அதே மாதங்களை எடுங்கள்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். மாதம் மாறினால் பருவம் மாறும், ஒப்பீடு கெடும். ஒவ்வொன்றிலும் ஆள் உண்டா, கை என்ன செய்கிறது, என்ன கருவி என்று மட்டும் குறியுங்கள்.

நூலகத்தின் கட்டுத் தொகுதிகளை மட்டும் நம்ப வேண்டாம். பைண்டிங்கின்போது அட்டையையும் விளம்பரத்தையும் கழித்துவிடும் வழக்கம் இருந்தது. தனி இதழ்களாகத் தேடுங்கள். 10 மடங்கு லென்ஸில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் புள்ளித்திரை அச்சு (படத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை). ஒழுங்கற்ற புள்ளிகள் என்றால் கல்லில் வரைந்து அச்சிடும் பழைய கல்லச்சாக இருக்கலாம். 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, புள்ளித்திரை அச்சுக்கு மட்டும் அச்சுப் புள்ளிகளை மழுக்கும் டீஸ்க்ரீன் வசதியை ஸ்கேனரில் போடுங்கள். இல்லையேல் வானமெங்கும் அலையலையாகக் கோடு விழும்.